ஒரு பெயர், இரு காலம்: பதினொராந் திருமுறையில் சங்கப் புலவர் பெயர்கள்

தமிழிலக்கிய வரலாற்றில் ஒரே பெயரைத் தாங்கிய புலவர் பலர் உள்ளனர். சங்கத் தொகைநூல்களில் இடம்பெறும் ஔவையாரும் ஆத்திசூடி பாடிய ஔவையாரும் ஒருவரல்லர். தொகைநூல்களுக்குக் கடவுள் வாழ்த்துப் பாடிய பெருந்தேவனாரும் பல்லவர் காலத்துப் பாரதவெண்பாவின் ஆசிரியரான பெருந்தேவனாரும் வேறானவர். துறவுப் பாடல்களால் மக்கள் நாவில் வழங்கும் பட்டினத்தாரும் திருமுறையுள் இடம்பெறும் பட்டினத்துப் பிள்ளையாரும் வேறானவர் என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. இத்தகைய இடங்களில் இலக்கிய வரலாற்றாசிரியர் மேற்கொள்ளும் முறை பெரும்பாலும் ஒன்றே. மொழிநடை, யாப்பு, வழிபாட்டுச் செய்தி ஆகியவற்றைக் கொண்டு காலம் கணித்து, ஒரு பெயரை இரண்டாகவோ மூன்றாகவோ பகுத்து, பிந்தியவரைப் 'பிற்காலத்தவர்' எனக் குறித்து அமைவர். பகுப்பு முடிந்தவுடன் ஆய்வும் முடிந்துவிடுகிறது. பிந்தியவர் ஏன் அப்பெயரைத் தாங்கினார், அப்பெயரை அவர்க்கு வழங்கியவர் யார், அதனால் முந்தியவரின் பாட்டை வாசிக்கும் முறை எவ்வாறு மாறிற்று என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

அவ்வினாக்களை எழுப்புவதற்குப் பதினொராந் திருமுறை ஏற்ற களமாகும். அத்திருமுறையின் ஆசிரியர் பன்னிருவர். அவர்களுள் நால்வர் நக்கீரதேவ நாயனார், கல்லாடதேவ நாயனார், கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார் ஆவர். நால்வர் பெயரும் சங்கப் புலவர் பெயர்களே. நால்வரும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளனர். நால்வர் பெயரிலும் அமைந்த நூல்கள் பதினைந்து. இப்பெயரொற்றுமை தற்செயலானதன்று என்பதும், சங்க இலக்கியத்தைச் சைவ மரபின் முன்னிலையாக வாசித்த ஒரு வாசிப்பின் சான்று என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்படுகின்றன.

இருவர் எனக் கொள்வதற்குரிய சான்றுகள்

சங்கப் புலவர் நால்வரும் திருமுறை ஆசிரியர் நால்வரும் ஒருவரே எனக் கொள்வது நெடுங்காலச் சைவ மரபு. இக்கால ஆய்வாளர் இதனை ஏற்பதில்லை. திருமுறை ஆசிரியரை ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளின் அளவில் வைத்தல் பொதுவழக்கு. இதற்கு மூவகைச் சான்றுகள் காட்டப்படுகின்றன. அவற்றின் வலிமை ஒரே அளவினதன்று.

முதலாவது மொழிநடை. சங்கப் பாட்டின் சொல்லாட்சியும் இத்திருமுறை நூல்களின் சொல்லாட்சியும் வேறுபடுதல் வெளிப்படை. எனினும் நடை ஒன்றை மட்டும் கொண்டு புலவரைப் பகுத்தல் உறுதியான முறையாகாது. அகத்திணைப் பாட்டுக்கும் பக்திப் பாட்டுக்கும் பொருள் வேறுபாட்டினாலேயே சொல் வேறுபடக்கூடும்.

இரண்டாவது யாப்பும் இலக்கிய வகையும். கபிலதேவ நாயனார் பாடியவை மூத்த நாயனார் திருவிரட்டை மணிமாலை, சிவபெருமான் திருவிரட்டை மணிமாலை, சிவபெருமான் திருவந்தாதி என்னும் மூன்று. இரட்டை மணிமாலை வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறிமாறி வர அமைவது. அந்தாதி, இரட்டை மணிமாலை, மும்மணிக்கோவை முதலிய சிற்றிலக்கிய வகைகள் தொகை, பாட்டுகளில் இல்லை. கட்டளைக் கலித்துறையும் அங்கில்லை. நடைச்சான்றினும் இச்சான்று வலிது. ஏனெனில் ஒரு புலவன் தன் நடையை மாற்றிக்கொள்ள இயலும். தன் காலத்தில் தோன்றாத யாப்பில் பாட இயலாது.

மூன்றாவது வழிபாட்டுச் செய்தி. மூத்த நாயனார் திருவிரட்டை மணிமாலையின் பாட்டுடைத் தலைவர் விநாயகர். சங்கப் பாடல்களில் முருகனும் திருமாலும் கொற்றவையும் சிவனும் வருகின்றனர்; விநாயகர் வருவதில்லை. தமிழில் விநாயகர் வழிபாடு தெளிவாகப் புலப்படுவது தேவார காலத்தில்தான். பறம்பின் பாரியைப் பாடிய கபிலர் விநாயகர்க்கு இரட்டை மணிமாலை பாடினார் எனக் கொள்ள இடமில்லை. யாப்புச் சான்றும் வழிபாட்டுச் சான்றும் ஒருங்கு நிற்கும் இந்நூல் ஒன்றே கபிலர் இருவர் என்பதை நிறுவப் போதுமானது.

ஆகவே இருவர் என்னும் முடிவு உறுதியானதே. ஆனால் அம்முடிவு எத்தகைய விளைவைத் தந்தது என்பது கருதத்தக்கது. சங்கக் கபிலர் குறிஞ்சிப்பாட்டின் ஆசிரியராகவும், ஐங்குறுநூற்றின் குறிஞ்சி நூற்றின் ஆசிரியராகவும், பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தைப் பாடியவராகவும் விரிவாக ஆராயப்பட்டுள்ளார். கபிலதேவ நாயனார் இலக்கிய வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ஓரிரு வரியில் நின்றுவிடுகிறார். பெயரைப் பகிர்ந்ததன் பயனாக அவர் அடைந்தது, 'அக்கபிலர் அல்லர்' என்னும் எதிர்மறை அடையாளம் ஒன்றே. மற்றை மூவர்க்கும் நேர்ந்தது இதுவே.

பெயர்கள் கூட்டமாக வருதல்

ஒரு பெயர் இருமுறை வருதல் இயல்பு. பொய்கையார் என்னும் பெயர் களவழி நாற்பதின் ஆசிரியர்க்கும் முதலாழ்வார்க்கும் உரியதாக இருப்பதனால் இருவரும் ஒருவரே எனக் கருதியவர் உண்டு. ஆனால் பொய்கை என்பது இடத்தையொட்டி எவர்க்கும் அமையக்கூடிய பெயர். அந்த ஒற்றுமையை மட்டும் வைத்து எதையும் துணிதல் இயலாது. நான்கு பெயர்கள் ஒருங்கே, ஒரே தொகுப்பில், அடுத்தடுத்து வருவது இவ்வகையினதன்று.

சங்கப் புலவர் பெயர்கள் தனித்தனியே அன்றி இணைந்தே நினைவில் நின்றன என்பதற்கு இலக்கண உரைகளில் ஒரு சான்று உள்ளது. உயர்திணை உம்மைத்தொகை பலர்பால் ஈறு பெறும் என்னும் விதிக்கு நன்னூல் உரைகளில் வழங்கும் எடுத்துக்காட்டு 'கபிலபரணர்' என்பதாகும். ஒருவரைச் சொன்னால் மற்றவரும் உடன்வரும் இணைப்பெயராக அது வழங்கியிருத்தலின், மாணவர் விதியை உணர்வதற்கு அது எளிதாயிற்று. கபிலதேவ நாயனாரும் பரணதேவ நாயனாரும் சிவபெருமான் திருவந்தாதி என்னும் ஒரே பெயரில் ஆளுக்கொரு நூல் பாடியவராகத் திருமுறையில் அடுத்தடுத்து நிற்பது இவ்விணையின் தொடர்ச்சியாகவே தோன்றுகிறது. கல்லாடதேவ நாயனார் பெயரில் உள்ள ஒரே நூல் திருக்கண்ணப்ப தேவர் திருமறம். அதே பெயரில் நக்கீரதேவ நாயனார்க்கும் ஒரு நூல் உண்டு. நால்வர் இரண்டு இணைகளாக அமைந்து, ஒவ்வோர் இணையும் ஒரே தலைப்பிலான நூலைப் பகிர்ந்துகொள்கிறது.

இவ்வரிசைக்கு முன்னால் நிற்பது இன்னும் பொருளுடையது. பதினொராந் திருமுறையின் முதல் நூல் திருமுகப் பாசுரம். பாணபத்திரர்க்குப் பொருள் வழங்குமாறு சேரமான் பெருமாளுக்கு மதுரைத் திருவாலவாயுடையார் எழுதியதாக அமைந்த ஓலை அது. எனவே இத்திருமுறையின் முதற்புலவர் ஆலவாய் இறைவனே. இறையனார் களவியல் உரை கூறும் முச்சங்க வரலாற்றில் சிவபெருமான் தலைச்சங்கத்தில் அமர்ந்திருந்தார். கடைச்சங்கத்தில் கணக்காயனார் மகனார் நக்கீரனார் இருந்தார். குறுந்தொகையில் இறையனார் பெயரில் ஒரு பாடல் உள்ளது. இறைவனே புலவனாக முன்னிற்க, நக்கீரரும் கபிலரும் பரணரும் உடனிருக்கும் அமைப்பு சங்கம் என்னும் அவையின் அமைப்பாகும். பதினொராந் திருமுறை இந்த அவையை மீண்டும் கூட்டிக் காட்டுகிறது.

நம்பியாண்டார் நம்பியின் விளக்கம்

இது வெறும் அமைப்பொற்றுமை என்று ஐயுறுவார்க்கு நம்பியாண்டார் நம்பியின் வாக்கே விடையாகிறது. சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் தொகையடியாருள் ஒரு கூட்டத்தாரைப் பொய்யடிமை இல்லாத புலவர் என்று குறித்தார். அவர்கள் யாவர் என்று அவர் விளக்கவில்லை. நம்பி தம் திருத்தொண்டர் திருவந்தாதியில் அவர்களைத் தமிழ்ச்சங்கத்துப் புலவர் நாற்பத்தொன்பதின்மர் என்று விளக்கி, கபிலர், பரணர், நக்கீரர் என்னும் மூவரை முதன்மையாகப் பெயர் சுட்டுகிறார். அவர்கள் ஆலவாய் அரனின் திருவடியையே பொருளாக அமைத்துக் கவி பாடியவர் என்பதும் அவர் கூற்று.

இங்கு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. ஒன்று, களவியல் உரை கடைச்சங்கப் புலவருள் சிலரைப் பெயர் கூறி எண்ணுமிடத்தில் நக்கீரனார் இருக்கிறார். கபிலரும் பரணரும் இல்லை. நம்பியோ அவ்விருவரையும் முன்னே வைத்து நக்கீரரைப் பின்னே வைக்கிறார். களவியல் உரையின் பட்டியலை அப்படியே எடுத்துரைப்பது அவர் நோக்கமாக இருந்திருப்பின் இம்மாற்றம் நேர்ந்திராது. அவர் சுட்டிய மூவரும் பதினொராந் திருமுறையில் நூலுடையவர். மற்றொன்று, நம்பியின் இவ்விளக்கத்தைச் சேக்கிழார் பின்பற்றவில்லை. பெரியபுராணத்தில் பொய்யடிமை இல்லாத புலவரைப் பாடுமிடத்தில் அவர் சங்கத்தைக் குறிக்கவில்லை. தெளிந்த சொல்லும் நூலறிவும் மெய்யுணர்வும் சிவபெருமான் அடிக்கே உரியன எனக் கொண்ட புலவர் என்று பொதுப்படவே பாடுகிறார். நம்பியின் அந்தாதியை வழிநூலாகக் கொண்ட சேக்கிழார் இவ்விடத்தில் அதனின் விலகி நிற்றல், நம்பியின் விளக்கம் சைவர் அனைவரும் ஒருபடித்தாக ஏற்ற செய்தியன்று என்பதைக் காட்டும். அஃது ஒரு கால வாசிப்பு, ஒருவகை உரிமைக்கோரல்.

அக்காலச் சூழலும் இதற்கு இடம் தந்தது. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று, பாரியின் மகளை மலையனுக்கு அளித்தபின் கபிலர் பெண்ணையாற்றில் உள்ள கபிலக்கல்லில் நெருப்புட் புகுந்தார் என்று கூறுகிறது. புறநானூற்றுக் கொளுவோ பாரியின் மகளிரைப் பார்ப்பார்ப்படுத்துக் கபிலர் வடக்கிருந்தார் என்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. கபிலரின் நினைவு ஏட்டில் மட்டும் உறங்கவில்லை என்பதும், பதினோராம் நூற்றாண்டின் தொடக்க அளவில் ஒரு சிவன் கோயிலின் சுவரில் புதிய வடிவம் பெற்றிருந்தது என்பதும் இதனால் தெளிவாகின்றன. அத்தகைய காலத்தில் கபிலர் என்னும் பெயர் எவர்க்கும் இடக்கூடிய வெறும் பெயராக இருந்திராது. அப்பெயரைத் தாங்கியவரும், அப்பெயரை ஒரு நூலுக்கு உரித்தாக்கியவரும் அதன் பழம்பொருளை அறிந்தே செய்தனர்.

பெயரோடு சேர்ந்த 'தேவ நாயனார்' என்னும் ஒட்டும் இதனை விளக்க உதவும். பதினொராந் திருமுறை ஆசிரியருள் காரைக்கால் அம்மையார், ஐயடிகள் காடவர்கோன், சேரமான் பெருமாள் ஆகியோர் அறுபத்துமூவருள் வைத்து எண்ணப்படுவோர். சங்கப் பெயருடைய நால்வரும் அவ்வெண்ணிக்கையில் தனித்தனியே இடம்பெறவில்லை. தனியடியாராக வரலாறு இல்லாத இவர்க்கு நாயனார் என்னும் சிறப்பு கிடைக்க வேண்டுமாயின், தொகையடியாராகிய பொய்யடிமை இல்லாத புலவருள் அடக்கப்படுதலே வழி. பெயரும் தொகையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இரு தொகுப்பில் ஒரு நூல்

இருவர் எனப் பகுத்து அமையும் முறை தடுமாறும் இடம் திருமுருகாற்றுப்படை. 317 அடிகளையுடைய இவ்வாசிரியப்பா பத்துப்பாட்டின் முதற்பாட்டு. பதினொராந் திருமுறையில் நக்கீரதேவ நாயனாரின் நூல்கள் பத்தனுள் ஒன்று. சொல் ஒன்றே, தொகுப்பு இரண்டு. இதனைப் பாடிய நக்கீரர் யார்? நெடுநல்வாடை பாடியவரே எனக் கொள்வது மரபு. திருமுருகாற்றுப்படையின் ஆசிரியர் அவரின் வேறானவர், காலத்தால் பிந்தியவர் என்பது ச. வையாபுரிப்பிள்ளையின் கருத்து. இறையனார் களவியலுக்கு உரைகண்டவரும், தொல்காப்பியச் செய்யுளியல் உரையில் மந்திரத்துக்கு எடுத்துக்காட்டாக வரும் செய்யுள்களைப் பாடியவரும் நக்கீரரே எனக் கூறப்படுவதால் வினா மேலும் விரிகிறது.

வையாபுரிப்பிள்ளையின் கருத்தை ஏற்பினும் மறுப்பினும் ஒன்று எஞ்சி நிற்கும். இந்நூல் இரு தொகுப்புகளிலும் இருவேறு பணியைச் செய்கிறது. ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்ற பாணனோ கூத்தனோ பெறாதவனை ஒரு வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவது. இங்கு வள்ளலின் இடத்தில் முருகன் நிற்கிறான். பரிசிலின் இடத்தில் வீடுபேறு நிற்கிறது. பத்துப்பாட்டின் முதலில் வைக்கப்பட்டமையால் இப்பாட்டு அத்தொகுப்புக்குக் கடவுள் வாழ்த்தைப் போல அமைகிறது. அதனையடுத்து வரும் ஆற்றுப்படைகளோடு ஒப்புநோக்கி வாசிக்கப்படுகிறது. குறமகள் வெறியயரும் களமும், ஏரகத்து அந்தணர் வழிபாடும் ஒரே பாட்டில் அருகருகே நிற்றல் அவ்வாசிப்பில் திணைவாழ்வின் பன்மையாகத் தோன்றும். திருமுறையில் அதே பாட்டு சிவன் மகனைப் பாடும் தோத்திரமாகிறது; நாள்தோறும் ஓதப்படும் பாராயண நூலாகிறது. நக்கீரரைப் பூதம் திருப்பரங்குன்றக் குகையில் அடைத்தது, அவர் இதனைப் பாடி விடுபட்டார் என்னும் கதை இந்த இரண்டாம் வாசிப்புக்குத் துணைநிற்பது.

எனவே திருமுருகாற்றுப்படை இரு நக்கீரரையும் இணைக்கும் பாலமாயிற்று. சங்க நூலொன்று திருமுறையுள் புகுதற்கு நக்கீரர் என்னும் பெயர் வாயிலாக நின்றது. அந்நூல் உட்புகுந்தபின் ஏனைய ஒன்பது நூல்களும் சங்கப் பழமையின் ஒளியைப் பெற்றன. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம், இறைவனோடு வாதிட்டுப் பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்த கீரன் கயிலைபாதி காளத்திபாதி அந்தாதியைப் பாடியதாகக் கூறுவது இவ்விணைப்பின் நிறைவு. தருமிக்கு இறைவன் பொற்கிழி அருளிய செய்தியை அப்பர் திருப்புத்தூர்த் திருத்தாண்டகத்தில் முன்னரே குறித்துள்ளார். அவர் வாக்கில் சங்கமும் தருமியும் உள்ளனர். நக்கீரர் பெயர் அவ்விடத்தில் இல்லை. பெயர் பின்னர் வந்து கதையின் நடுவில் அமர்ந்தது.

பிந்தியவரின் ஆக்கம்

இவ்வளவும் தொகுத்தவரின் செயல். பாடியவர் செய்தது யாது? பதினைந்து நூல்களையும் 'பிற்காலத்தன' என்று ஒதுக்காமல் வாசித்தால், அவற்றுட் சில சங்கத் திணைமரபோடு நெருங்கிய உரையாடலில் இருப்பதைக் காணலாம்.

நக்கீரதேவ நாயனாரின் திருஈங்கோய்மலை எழுபது முசிறிக்கு அருகில் காவிரிக்கரையில் உள்ள மலைத்தலத்தைப் பாடுவது. வெண்பாதோறும் யானை, மந்தி, தேன், குறவர், குறமகளிர் எனக் குறிஞ்சிக் கருப்பொருள்கள் ஒரு சிறு நிகழ்ச்சியாக உருப்பெற, அம்மலையே இறைவன் மலை என முடிகிறது. சங்க அகப்பாட்டில் குறிஞ்சிக் காட்சி தலைமக்களின் உள்ளத்தைக் குறிப்பாக உணர்த்தும் உள்ளுறையாகும். இங்குத் தலைவனும் தலைவியும் நீங்கிவிட்டனர். காட்சி மட்டும் எஞ்சியுள்ளது. அக்காட்சி நேரே இறைவனின் இருப்பிடமாகிறது. இதனால் உள்ளுறையின் ஆழம் குறைகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மலைவாழ் உயிர்களின் சிறு செயல்களைப் பாட்டுக்குரியனவாகக் காணும் பார்வை தொடர்கிறது.

கார் எட்டு என்னும் நூலும் இத்தகையது. முல்லைக்குரிய பெரும்பொழுதாகிய கார்காலம் தலைவன் மீளும் பருவம். கண்ணன் கூத்தனாரின் கார் நாற்பது அம்மரபில் நின்று பாடுகிறது. கார் எட்டு அதே மேகத்தையும் மின்னலையும் சிவபெருமானின் கண்டம், சடை முதலியவற்றோடு உவமித்துக் காண்கிறது. காத்திருத்தலின் துயரம் இங்கில்லை. பருவத்தின் வருகையே இறைக்காட்சியாகிறது.

இவ்விரண்டினும் ஆழமான மாற்றம் திருக்கண்ணப்ப தேவர் திருமறத்தில் நிகழ்கிறது. நக்கீரரும் கல்லாடரும் இதனை ஆசிரியப்பாவிலேயே பாடினர் என்பது முதற்கண் கருதத்தக்கது. சங்கப் பெயரும் சங்க யாப்பும் ஒருங்கு வருகின்றன. தலைப்பில் உள்ள மறம் என்னும் சொல் புறத்திணைக்குரியது. பகைவரை அஞ்சாத வீரத்தைக் குறிப்பது. காளத்தி வேடன் பிறர்மேல் அம்பு எய்யும் கையால் தன் கண்ணையே அகழ்ந்தெடுக்கிறான். மறத்தின் வன்மை குறையாமல் அதன் திசை மட்டும் மாறுகிறது. புறப்பாட்டில் விழுப்புண் மன்னனுக்காகப் பெற்றது. இங்குப் புண் இறைவனுக்காகத் தானே செய்துகொண்டது. புறத்திணையின் ஒரு கருத்து பக்தியின் கருத்தாக மாறும் நிகழ்வைச் சங்கப் பெயர் தாங்கிய புலவர் இருவர் சங்க யாப்பில் நிகழ்த்தியுள்ளனர். இப்பெயர்களைத் தற்செயல் எனக் கொண்டால் இந்நுட்பம் புலப்படாது.

நால்வரும் இவ்வாறே செய்தனர் எனக் கூறுதல் மிகையாகும். சங்கப் பரணர் அகப்பாட்டினுள்ளும் மன்னர், போர்க்களம், ஊர் எனச் செய்தியை நிறைத்தவர். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் செங்குட்டுவனைப் பாடியவர். பரணதேவ நாயனாரின் அந்தாதிக்கு அப்பண்போடு தொடர்பில்லை. அங்குப் பாட்டின் பொருள் சிவபெருமான் ஒருவனே. பரணர் என்னும் பெயர் இங்கு மரபுரிமையைக் குறிக்கிறது. கவிதைப் பண்பைக் குறிக்கவில்லை. பெயர் வழி வந்த நால்வருள்ளும் இவ்வேறுபாட்டை அறிதலே திறனாய்வின் கடமை.

பிற இந்திய மரபுகளோடு ஓர் ஒப்பீடு

ஒரு பெயர் பலரைத் தாங்குதல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மாபாடியம் செய்த பதஞ்சலியும் யோகசூத்திரம் செய்த பதஞ்சலியும் ஒருவரே என்பது வடமொழி மரபு. இக்கால ஆய்வாளர் பெரும்பாலோர் இருவர் என்பர். மத்தியமிக பௌத்தத்தை நிறுவிய நாகார்ச்சுனர் பெயரிலேயே பிற்கால இரசவாத நூல்களும் வழங்குகின்றன. வட இந்தியப் பக்தி இலக்கியத்தில் சூர்தாசர், கபீர், மீரா ஆகியோர் பெயரில் நூற்றாண்டுதோறும் பாடல்கள் பெருகின. பாட்டின் இறுதியில் வரும் பெயர் இயற்றியவரைச் சுட்டுவதினும், அப்பாட்டுக்குரிய அதிகாரத்தைச் சுட்டுகிறது என்று ஜான் ஸ்ட்ராட்டன் ஹாலி 1988இல் வெளிவந்த ஆய்வில் விளக்கினார்.

அவ்விளக்கம் பதினொராந் திருமுறைக்கும் பொருந்துமெனினும் ஒரு வேறுபாடு உண்டு. வட இந்தியப் பதங்களிலும் தேவாரத் திருக்கடைக்காப்பிலும் பெயர் பாட்டினுள்ளேயே பதிந்துள்ளது. நால்வர் பெயரோ பெரிதும் தொகுப்பின் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. அங்குப் பாடுவோர் பழம்பெயரின் கீழ்ப் புகுந்தனர். இங்குத் தொகுப்போர் பழம்பெயர்களை ஓர் அவையாக நிறுத்தினர். ஆகவே தமிழ்ச் சான்றில் ஆசிரியரை மட்டும் ஆராய்தல் போதாது. தொகுப்பையும் ஓர் ஆக்கமாகக் கொண்டு ஆராய வேண்டும்.

இழப்பும் பேறும்

இத்தொகுப்பால் நேர்ந்த இழப்பையும் கூறியாக வேண்டும். பெருந்தேவனார் எட்டுத்தொகை நூல்கள் ஐந்தனுக்குக் கடவுள் வாழ்த்துப் பாடியபோது ஐங்குறுநூறு, அகநானூறு, புறநானூறு ஆகியவற்றுக்குச் சிவனையும், குறுந்தொகைக்கு முருகனையும், நற்றிணைக்குத் திருமாலையும் பாடினார். பரிபாடலில் கடுவன் இளவெயினனார் என்னும் ஒரே புலவர் திருமாலையும் செவ்வேளையும் பாடியுள்ளார். சங்கப் பாடல்களின் மிகப்பெரும் பகுதி எக்கடவுளையும் பாடவில்லை. காதலையும் கொடையையும் போரையும் வறுமையையும் பாடுகிறது. நாற்பத்தொன்பதின்மரும் ஆலவாய் அரன் அடியையே பொருளாகப் பாடினர் என்னும் நம்பியின் கூற்று இப்பன்மையை ஒருமையாக்குகிறது. பாரி இறந்தபின் பறம்பைத் திரும்பி நோக்கிய கபிலரின் துயரத்துக்கு அக்கூற்றில் இடமில்லை. பெயரொற்றுமையை அப்படியே ஏற்பவர் இவ்வொருமையையும் ஏற்றவராகின்றனர். இருவர் எனப் பகுத்த ஆய்வாளர் செய்த பெரும்பணி, சங்கப் பாட்டை இவ்வொருமையிலிருந்து மீட்டதாகும்.

பேறும் உண்டு. சங்க நூல்கள் பரவலாகப் பயிலப்படாது குறுகிய காலங்களிலும் நக்கீரர், கபிலர், பரணர் என்னும் பெயர்கள் திருமுறை வழியாகவும் புராணம் வழியாகவும் மக்களிடம் வழங்கின. திருமுருகாற்றுப்படை பாராயணத்தில் உயிர்வாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டையும் (1889) புறநானூற்றையும் (1894) பதிப்பித்தபோது, அந்நூல்கள் புதியனவாக இருந்தன. அவற்றைப் பாடியோருள் தலையாயவர் பெயர்கள் புதியனவாக இல்லை.

இக்காரணத்தால் நால்வரின் நூல்களை இருவகைப் பிழையிலிருந்தும் காத்தல் வேண்டும். இலக்கிய வரலாற்று நூல்களும் பாடத்திட்டங்களும் 'இக்கபிலர் வேறு, அக்கபிலர் வேறு' என்னும் குறிப்போடு நிறைவடைதல் தகாது. பிந்தியவர் முந்தியவரின் எந்த உடைமையைப் பெற்றார், எதனை மாற்றினார், எதனைக் கைவிட்டார் என்பதை நூல்தோறும் காட்டுதல் வேண்டும். ஈங்கோய்மலை எழுபதைக் குறிஞ்சிப்பாட்டோடும், கண்ணப்பர் திருமறங்களைப் புறநானூற்று மறப்பாடல்களோடும் வைத்துப் பயிற்றினால், தமிழ்க்கவிதை திணைமரபிலிருந்து பக்திமரபுக்குச் சென்ற வழியை மாணவர் நூல்களின் ஊடாகவே கண்டுகொள்வர். பெயரைப் பகுத்தல் அவ்வாய்வின் தொடக்கம். அப்பெயரைத் தாங்கிப் பாடியவர் செய்த கவிதைப்பணியை மதிப்பிடும்போதே அவ்வாய்வு முழுமை பெறும்.